தவறணையும் திறைசேரியும்: இலங்கையின் மதுவிலக்கு இயக்கம் பற்றிய ஒரு நோக்கு

மதுப்பழக்கத்தைக் குறைத்தல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனைத் தனிமனித ஒழுக்கம் சார்ந்த பிரச்சினையாகவே கொள்வர். குடிப்பவன் மனவுறுதியற்றவன், அவனுக்கு அறிவுரை கூறித் திருத்துதல் வேண்டும் என்பதே அன்னோர் கருத்தின் சாரமாகும். இத்தகைய அறிவுரைக்கு நமது மரபிற் குறைவில்லை. திருக்குறளிற் 'கள்ளுண்ணாமை' ஓர் அதிகாரமாக அமைந்துள்ளது. ஆறுமுக நாவலர் தமது பாலபாடத்தில் 'கள்ளுண்ணல்' எனத் தனிப்பாடம் ஒன்றினையே எழுதினார். மயக்கந்தரும் பானங்களைத் தவிர்த்தல் பௌத்தரின் பஞ்சசீலங்களுள் ஐந்தாவதாகும். அறிவுரை இத்துணை மிகுந்திருந்த நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சாராயத் தவறணைகள் பெருகியமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் குடிப்பவன் கையிலுள்ள பிளாவை மட்டுமன்றி, அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கையும் நோக்குதல் வேண்டும்.

முதற்கண் கள்ளுக்கும் சாராயத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டினை மனங்கொள்ளல் அவசியமாகும். பனையினதும் தென்னையினதும் பாளையைச் சீவி இறக்கப்படும் சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்படின் அது புளியாது கருப்பநீராகும். அதைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்யலாம். சுண்ணாம்பு இடாதவிடத்து அது கள்ளாகும். கள் நெடுநாள் வைத்திருக்கக்கூடிய பொருளன்று. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்கு அண்மையிலேயே அது விற்பனையாதல் வேண்டும். ஆகவே, கள்ளினால் ஒருவன் வயிறு வளர்க்கலாமே தவிரப் பெருஞ்செல்வம் திரட்டல் அரிது. கள்ளினை வடித்துப் பெறப்படும் சாராயமோ பன்மடங்கு வெறியமுடையது. பீப்பாவில் அடைத்து ஆண்டுக்கணக்காகப் பேணத்தக்கது. வண்டியிலும் கப்பலிலும் ஏற்றித் தூர இடங்களுக்கு அனுப்பத்தக்கது. ஏகபோக வாணிகத்துக்கும் வரிவிதிப்புக்கும் ஏற்ற பொருளாகச் சாராயம் அமைந்தமைக்கு இவ்வியல்பே காரணமாயிற்று.

ஒல்லாந்தர் காலத்திலேயே கரையோரப் பிரதேசங்களிற் சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அவர்களைத் தொடர்ந்து ஆட்சிக்கு வந்த பிரித்தானியர் இம்முறையைக் கைவிடாது விரிவுபடுத்தினர். ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமை பகிரங்க ஏலத்தில் விடப்படும். கூடுதலான தொகைக்குக் கேட்டவருக்கு அது உரியதாகும். அரசாங்கத்துக்கோ செலவு சிறிது, வருமானம் நிச்சயமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிற் குடியேற்ற அரசாங்கத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கும், சில காலங்களில் அதற்கு மேலும், சாராயக் குத்தகை வாயிலாகவே கிடைத்தது. ஏலத்திற் செலுத்திய பணத்தை மீளப்பெற்று இலாபமும் ஈட்ட வேண்டிய குத்தகைக்காரர், இயன்ற அளவு கூடுதலாகச் சாராயம் விற்க முனைந்தமை இயல்பே. ஆகவே, மக்கள் மிகுதியாகக் குடித்தல் அம்முறையிற் புகுந்த ஒரு சீர்கேடன்று. அம்முறை இயங்குவதற்கு வேண்டிய நிபந்தனையே அதுவாகும்.

மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய பொழுது இவ்வாணிகம் புதுவேகம் பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும், வீதியமைப்போரும், வண்டிக்காரரும் கையிற் காசு புழங்கும் ஒரு புதிய கூட்டத்தினராயினர். தோட்டங்களை அடுத்துத் தவறணைகள் தோன்றின. வியர்வை சிந்தி உழைத்தவனின் கூலியில் ஒரு பகுதி குத்தகைக்காரரின் பெட்டியினூடாகத் திறைசேரியைச் சென்றடைந்தது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பிரதேசத்துச் சாராயக் குத்தகையாற் பெரும்பொருள் ஈட்டியோருள் ஒருவர். அப்பொருளே பின்னர் தோட்டங்களிலும் காணிகளிலும் முதலீடாயிற்று. மைக்கல் றொபேட்ஸ் 1982இல் வெளியிட்ட நூலிலும், குமாரி ஜயவர்தன 2000இல் வெளியிட்ட நூலிலும் இலங்கை முதலாளித்துவ வகுப்பினரின் தோற்றத்திற் சாராயக் குத்தகை வகித்த பங்கினை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அமைத்த கொடையாளர் பலரது செல்வத்தின் ஊற்றுக்கண் தவறணையே என்பது அவ்வாராய்ச்சிகளாற் புலனாகின்றது.

இந்நிலைமைக்கு எதிரான குரல் முதலிற் கிறித்தவ மிசனரிமாரிடமிருந்து எழுந்தது. எனினும், பெருந்தொகையான மக்களைத் தழுவிய இயக்கமாக அது உருப்பெற்றது பௌத்த மறுமலர்ச்சியின் பின்னரேயாம். 1904ஆம் ஆண்டிற் சிங்களக் கிராமங்களில் மதுவிலக்குச் சங்கங்கள் விரைவாகத் தோன்றின. ஊர் மக்கள் விகாரையிலோ பொது இடத்திலோ கூடி, இனிக் குடிப்பதில்லை எனச் சபதம் செய்தனர். சபதம் தவறியோர் ஊராரின் ஏளனத்துக்கும் ஒதுக்கலுக்கும் ஆளாயினர். தனியொருவனாக நின்று குடியை விடுதல் கடினம்; ஊரே ஒன்றுகூடி விடும்பொழுது அது எளிதாகின்றது என்ற உண்மையை அக்கிராமத்தவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர் எனலாம்.

அவ்வியக்கம் வலுப்பெற்ற பகுதிகளிற் சாராய விற்பனை வீழ்ச்சியுற்றது, குத்தகைக்காரர் நட்டமடைந்தனர். குடிமக்கள் குடியை விடுதல் கண்டு ஒரு நல்லரசு மகிழ்ந்திருத்தல் வேண்டும். தேசாதிபதி ஹென்றி பிளேக்கின் அரசாங்கமோ, கிராமத் தலைமைக்காரர் மதுவிலக்குச் சங்கங்களிற் பங்குகொள்ளலாகாது எனப் பணித்தது. மக்கள் கட்டாயப்படுத்தப்படுகின்றனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். வற்புறுத்தல் ஓரளவுக்கு இருந்ததென்பது உண்மையே. ஆயினும், குடியேற்ற ஆட்சியின் அத்திவாரமாகிய தலைமைக்காரரே அரசாங்க வருமானத்தைக் குறைக்கும் முயற்சியில் முன்நிற்பதை அவ்வாட்சியாற் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் உண்மையே. 1905இல் அவ்வியக்கத்தின் வேகம் தணிந்தது.

இரண்டாவது எழுச்சிக்கு அரசாங்கமே வழிவகுத்தது. சென்னை மாகாணத்து நடைமுறையைப் பின்பற்றி 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மறு ஆண்டில் மதுவரித் திணைக்களம் இயங்கத் தொடங்கியது. புதிய ஒழுங்கின்படி கள் விற்பனை சாராய விற்பனையினின்றும் பிரிக்கப்பட்டுத் தனித் தவறணைகளுக்கு உரியதாக்கப்பட்டது. வெறியங் குறைந்த கள்ளினைத் தனியாக விற்றால் மக்கள் சாராயத்தை விட்டுக் கள்ளின்பாற் செல்வர். கள்ளத்தனமான விற்பனையும் ஒழியும் என அதிகாரிகள் வாதிட்டனர். அவ்வாதத்திற் பொருள் இல்லாமலில்லை. ஆனால், நடைமுறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறப்பதற்கு ஏற்பாடாயிற்று. அதுவரை தவறணை என்பதையே கண்டறியாத கிராமங்கள் பலவற்றில் அரசாங்க அனுமதியுடன் ஒன்று தோன்றியது. குடியைக் குறைக்கும் வழி தவறணைகளைக் கூட்டுதலே என்று கூறிய அரசாங்கத்தை மக்கள் நம்ப மறுத்தனர்.

இக்கட்டத்தில் இயக்கத்தின் தலைமை கிராமங்களிலிருந்து கொழும்புக்குப் பெயர்ந்தது. எவ். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா, டபிள்யூ. ஏ. டி சில்வா, டி. எஸ். சேனநாயக்கா, ஆதர் வி. டயஸ் முதலியோர் மேடைகளில் முழங்கினர். பல்லாயிரவர் திரண்ட கூட்டங்கள் நடைபெற்றன. அரசியற் கூட்டங்கள் அரிதாயிருந்த அக்காலத்திற் பொதுமக்கள் அரசாங்கத்தின் கொள்கையொன்றினை எதிர்த்துப் பேசவும், சங்கம் அமைக்கவும், மனுக்கள் வரையவும் பயின்ற களமாக மதுவிலக்கு இயக்கமே விளங்கியது. இலங்கையின் தேசிய இயக்க வரலாற்றில் அதற்குரிய இடம் இதனாலேயே உறுதியாகின்றது.

எனினும், அதன் குறைபாடு ஒன்றினையும் நடுநிலை பிறழாது நோக்குதல் வேண்டும். இயக்கத்துக்குத் தோள் கொடுத்த வசதி படைத்தோர் எல்லாரும் மதுவாணிகத்துடன் தொடர்பற்றவர் அல்லர். அவர்தம் குடும்பங்கள் சிலவற்றின் செல்வத்திற் சாராயக் குத்தகைக்கும் பங்கிருந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன எடுத்துக்காட்டியுள்ளார். தந்தையின் தொழிலுக்காக மகனைக் குறைகூறல் முறையன்று. தந்தை தேடிய பொருளை மகன் நல்வழியிற் செலவிட்டான் என்றும் கூறலாம். ஆனால், மேடைப் பேச்சுக்களில் அந்நிய அரசாங்கமும் குடிப்பவனும் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட அளவுக்கு, இடைநின்று பொருளீட்டிய உள்நாட்டு முதலாளி நிறுத்தப்படவில்லை. மேலும், மதுவை அந்நியப் பண்பாட்டின் அடையாளமாகச் சித்திரித்த மறுமலர்ச்சியாளர் சிலரின் பேச்சு, ஏனைய சமயத்தாரையும் இனத்தாரையும் அந்நியராகக் காட்டும் போக்கினையும் வளர்த்தது.

1915 மே மாத இறுதியிற் கண்டியில் ஆரம்பித்த கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம் மக்கள் உயிரிழந்தனர். அவர்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். மதுவிலக்குச் சங்கங்களை இராசத்துரோகச் சதியின் கருவிகளாகக் கருதிய அரசாங்கம் சேனநாயக்கா சகோதரர்கள், ஜயதிலக்கா, டி சில்வா ஆகியோரைச் சிறையிலிட்டது. அத்தகைய சதி ஒன்றிருந்ததாக நிறுவப்படவில்லை. சட்டநிரூபண சபையிற் பொன்னம்பலம் இராமநாதன் இவ்வடக்குமுறையைக் கண்டித்தமை யாவரும் அறிந்ததே. விடுதலையான தலைவர்கள் மக்களின் நன்மதிப்பைப் பெற்ற அரசியல்வாதிகளாக வெளிவந்தனர். தவறணை பற்றிய வாதமாகத் தொடங்கியது ஆட்சியுரிமை பற்றிய வாதமாக மாறியது.

பின்னைய ஆண்டுகளில், ஒரு பகுதியிலுள்ள மக்கள் வாக்களித்துத் தம்மூர்த் தவறணையை மூடிவிடும் உரிமை நடைமுறைக்கு வந்தது. இயக்கத்தின் நிலையான பேறு இதுவெனின் மிகையாகாது. தவறணை எங்கே இருத்தல் வேண்டும் என்பதை ஏலத்தில் வென்றவர் அன்றி, அவ்வூரில் வாழ்வோர் தீர்மானிக்கலாம் என்ற கொள்கை அதிற் பொதிந்திருந்தது. வட பகுதியிலும் இவ்வாக்கெடுப்புகளாற் பல தவறணைகள் மூடப்பட்டன. 1927 நவம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று வருகைதந்த காந்தியடிகளும் மதுவிலக்கின் அவசியத்தை வற்புறுத்தினார்.

ஆயினும், யாழ்ப்பாணத்திற் பிரச்சினைக்கு வேறொரு பக்கமும் இருந்தது. பனையிலேறிச் சீவுதல் அங்கே சாதியடிப்படையில் வரையறுக்கப்பட்ட தொழில். அதனைச் செய்தோர் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைய அனுமதிக்கப்படாதவராயிருந்தனர். கள்ளை இழித்துரைத்த நாவு அதனை இறக்கியவனையும் சேர்த்தே இழித்துரைத்தது. அவனிடம் அதனை வாங்கிக் குடித்தவனோ தன் சமூக மதிப்பை இழக்கவில்லை. தவறணை மூடப்பட்டால் அத்தொழிலாளியின் குடும்பம் எதனை உண்ணும் என்ற வினா மதுவிலக்கு மேடைகளில் உரிய இடத்தைப் பெறவில்லை. 1970களின் முற்பகுதியில் அமைக்கப்பட்ட பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், சீவல் தொழிலாளரையே உறுப்பினராகக் கொண்டு விற்பனையை ஒழுங்குபடுத்த முயன்றன. அவ்வினாவுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த ஒரு விடையாக அதனைக் கருதலாம்.

இனி, இயக்கத்தின் தலைவர்கள் ஆட்சிப்பொறுப்பை ஏற்றபின் நிகழ்ந்தது யாது? 1931இல் அமைந்த அரசாங்க சபையில் டி. பி. ஜயதிலக்கா சபைத் தலைவரானார். 1947இல் டி. எஸ். சேனநாயக்கா முதலாவது பிரதம மந்திரியானார். எனினும், அவர்கள் எதிர்த்துப் போராடிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நீக்கப்படவில்லை. பல திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டபொழுது அரசே சாராய உற்பத்தியாளருமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் அது தனியார் கைக்கு மாறிய பின்னரும் மதுவரி திறைசேரியின் முக்கிய வருமானங்களுள் ஒன்றாகவே நிலைத்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடைசெய்தது, விளம்பரங்களையும் கட்டுப்படுத்தியது. போயா தினங்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. ஆனால், வரியை உயர்த்துந்தோறும் ஏழைகளுட் சிலர் கசிப்பினை நாடுதலும், வருமானங் குறையுமோ என அதிகாரிகள் அஞ்சுதலும் மாறவில்லை.

ஆட்சியாளர் மாறியும் இந்நிலை மாறாமைக்குக் காரணம் தலைவர்களின் நேர்மையின்மை எனக் கூறுதல் எளிது. ஆயின், அது போதிய விளக்கமாகாது. வருமானத்துக்காக மதுவை நம்பியிருக்கும் அரசு எதுவாயினும், குடிமக்கள் குடியைக் குறைத்தல் வேண்டும் என ஒரு வாயாலும், குறைத்தலாகாது என மறு வாயாலும் பேசவேண்டியதாகின்றது. தேசாதிபதிகளின் காலத்திற் காணப்பட்ட இம்முரண்பாடு சுதந்திர இலங்கைக்கும் மரபுரிமையாகக் கிடைத்தது.

குடியினாற் சீரழியும் குடும்பங்களின் துயரம் மெய்யானது. அதிலும் பெண்களும் குழந்தைகளும் படும் அல்லல் பெரிது. ஆதலால், மதுவிலக்கு இயக்கத்தின் நோக்கத்தை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. 1904இல் ஊர்கூடிச் சபதமெடுத்த கிராமத்தவரின் முயற்சி, கூட்டாகச் செயற்படின் குடியைக் குறைக்கலாம் என்பதை மெய்ப்பித்தது. ஆனால், அம்முயற்சி நிலைபெறவேண்டின், குடிப்பவனிடம் கேட்கப்படும் கேள்வியை அதனால் வாழ்வோரிடமும் கேட்டல் வேண்டும். தவறணைப் பணத்தின்றித் திறைசேரி எவ்வாறு இயங்கும், சீவுபவன் வேறெத்தொழிலால் மதிப்புடன் வாழ்வான் என்ற இரு வினாக்களுக்கும் 1912இன் தலைவர்கள் விடை தேடவில்லை. அவ்விடைகளைத் தேடும் பொறுப்பு இன்று மதுவொழிப்புப் பற்றிப் பேசும் அனைவரையும் சார்ந்ததாகும்.