ஏடும் ஏழை வீடும்

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்த் திண்ணைகளிலே ஒரு சின்னஞ்சிறு தொழிற்சாலை முளைத்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். சென்ற ஆண்டு நோட்டில் எழுதாது எஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, நடுவே மடித்து, கோணூசியால் துளையிட்டு, நூல் கோத்துத் தைப்பார்கள். மைதாப் பசையிலே, பூச்சி அரிக்காதிருக்க, மயில்துத்தம் சிறிது கலப்பார்கள். பழைய நாட்காட்டி அட்டையை மேலே ஒட்டி, அம்மிக்கல்லின் அடியில் ஓர் இரவு வைத்தால், பொழுது விடிந்ததும் புது ஏடு! வார இதழில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் காலிக்கோத் துணியிட்டுக் கட்டி வைத்த வீடுகளும் உண்டு.

பொழுதுபோக்கு என்பர் சிலர். மேனாட்டிலே இதனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறார்கள். நம் வீடுகளிலோ இல்லாமை என்னும் ஆசான் இலவசமாகக் கற்பித்தான். எனினும் ஏடு என்ற பொருள் யார் கையில் இருந்தது, யார் கைக்கு எட்டாதிருந்தது என்று எண்ணிப் பார்ப்போர், இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். அந்த வரலாற்றைத் தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. தேனி மாவட்டத்து மண்ணிலேயே அது கிடக்கிறது.

ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைக் கரையிலே, புலிமான்கோம்பை என்றோர் ஊர். 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் இருப்பது தமிழி எழுத்து. காலம் கிறித்து பிறப்பதற்கும் முந்தியது என்பது ஆய்வாளர் கணிப்பு. ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்ட அந்தவன் என்ற வீரனைச் சொல்லுகிறது. அவ்வளவே! மன்னன் பெயர் அதிலே இல்லை; மறையோன் பெயரும் இல்லை. மாட்டுக்காகப் போரிட்டு மடிந்த ஒரு சாமானியனின் பெயர் எழுத்திலே நிற்கிறது. எழுத்து அன்று அரண்மனைச் சொத்தன்று, ஆலயச் சொத்துமன்று.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, அதே பள்ளத்தாக்கின் சின்னமனூருக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் இராசசிம்மன் பொறித்த செப்பேடு அவ்வூரில் கிடைத்தது. பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும், பாரதத்தைத் தமிழாக்கச் செய்ததையும் பெருமையோடு பேசும் சாசனம் அது. எதற்காக எழுந்த சாசனம் என்று கேட்பீர்கள். அந்தணர் ஒருவருக்கு ஊரைத் தானம் தந்ததற்காக! தானம் செம்பிலே நிலைத்தது. அந்தச் சங்கத்தின் பாட்டு? அது பனை ஓலையிலே கிடந்து செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்தது.

ஓலை ஏடும் வீட்டிலே செய்யத்தக்கதுதான். ஓலையை வாட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, ஒரே அளவாக நறுக்குவர். இரு துளையிட்டு, ஒன்றிலே நாராசம் என்ற கம்பியைச் செருகுவர். மற்றொன்றில் கயிறு கோத்து, அதன் நுனியிலே கிளிமூக்குப் போல் கத்தரித்த ஓலைத்துண்டை முடிவர். எழுத்தாணியால் கீறிய வரியிலே மை தடவினால் எழுத்துத் தெளியும். ஆனால் நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் ஓலைக்குச் சில நூற்றாண்டே ஆயுள். படியெடுத்தால் நூல் வாழும், எடுக்காவிட்டால் மாளும். எது வாழவேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? எழுத்தாணி பிடித்தவர். பனை ஏறி ஓலை வெட்டியவனைக் கேட்டவர் இல்லை.

செல்லும் கறையானும் மட்டுமா பகை? படியெடுப்பதை விட்டுவிட்டுப் பூசை போட்டார்கள். கலைமகளுக்குரிய நாளென்று நூல்களை அடுக்கிப் பொட்டிட்டு, அன்று மட்டும் படிக்காதே என்றார்கள். பழுதான சுவடிகளை ஆடிப் பதினெட்டிலே ஆற்றில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியன் தொகுத்த சுவடிகளைக் காணச் சென்ற உ.வே.சாமிநாதையர், அவை ஆகமப்படி நெய்யில் தோய்த்துத் தீயிலே ஆகுதியாக்கப்பட்ட செய்தியைக் கேட்டுத் துடித்தார். தம் வரலாற்றிலே எழுதியும் வைத்தார். பகுத்தறிவு இயக்கத்தார் கட்டிய கதையென்று இதனை எவரும் தள்ளிவிட முடியாது!

கூடலூருக்கு மேலே, மலைமுகட்டில், மங்கலதேவிக் கண்ணகி கோட்டம் நிற்கிறது. சித்திரை முழுநிலவிலே மக்கள் அங்கே ஏறுகிறார்கள். அந்தக் கண்ணகியின் காவியம் சாமிநாதையரின் உழைப்பால் உரையோடு முழுமையாக அச்சேறிய ஆண்டு 1892. சுவடிகள் அதற்குள் அழிந்திருந்தால், கோட்டம் இருந்திருக்கும், சிலம்பு இருந்திராது.

தாள் வந்த கதையைச் சுருங்கச் சொல்லலாம். சீனத்திலே சாய் லூன் கி.பி. 105இல் அரசவைக்கு அதனை அறிமுகம் செய்தான். அராபியர் கற்றனர்; காகிதம் என்ற சொல்லே அவ்வழி வந்தது. கொல்லத்தில் 1578இல் தமிழ் அச்சேறியது. ஆனால் இந்நாட்டார் தடையின்றி அச்சகம் நடத்த 1835 வரை காத்திருக்க நேர்ந்தது.

அச்சு வந்தபின்னும் ஏழைக்கு ஏடு வந்ததா? இப்பகுதியின் பிரமலைக் கள்ளர் மக்கள்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. கைரேகைச் சட்டம் என்பது மக்கள் இட்ட பெயர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில், அதனை எதிர்த்து நின்றோர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழியும்வரை, பல குடும்பங்களின் பெயர் ஏறிய ஒரே ஏடு காவல் நிலையப் பதிவேடு! விரலிலே மை பட்டது, எழுதுவதற்காக அன்று. அவ்வீட்டுப் பிள்ளைகள் சீரமைப்புப் பள்ளிகளிலே எழுத்துக் கற்று, தைத்த நோட்டின் முதற்பக்கத்தில் தம் பெயரைத் தாமே எழுதியபோது, புலிமான்கோம்பைக் கல்லிலே நின்ற அந்த உரிமை திண்ணைக்குத் திரும்பியது.

தைத்த நோட்டு இதழாகவும் மாறும். திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்தபோது கலைஞர் மு. கருணாநிதி நடத்திய ‘மாணவ நேசன்’ கையெழுத்து ஏடுதான். அச்சகமும் முதலாளியும் இன்றி இதழ் நடத்த முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

தாளையே வீட்டில் செய்வோரும் உண்டு. 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் கைத்தாளை வளர்த்தது. அதனை நடத்திய குமரப்பா இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்தார். ஆலையே வேண்டாம் என்போரோடு நமக்கு வழக்குண்டு. ஆலைத்தாள் மலிந்ததாலன்றோ ஏழை கையில் நூல் வந்தது! எனினும் கற்கத்தக்க கைவினை இது.

கம்பத்திலும் சின்னமனூரிலும் குலை வெட்டியபின் வாழைப்பட்டைக்கா பஞ்சம்? சிறிதாக நறுக்கி, சலவைச் சோடா இட்டு, மெத்தென்றாகும்வரை வேகவைத்து, பலமுறை அலசி, உரலில் இடிக்கவேண்டும். ஊறிய பழந்தாளையும் கந்தைத் துணிக் கூழையும் சேர்த்துத் தொட்டி நீரில் கரைத்து, கொசுவலை கட்டிய மரச்சட்டத்தை உள்ளே அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கினால் நீர் வடியும். கூழ் படலமாய் நிற்கும். துணிமேல் கவிழ்த்து, கல்லேற்றிப் பிழிந்து, வெயிலில் உலர்த்தினால் தாள். மை ஊறாதிருக்கக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்க்கவேண்டும். முதல் தாள் கரடாகத்தான் வரும். ஒரு புறம் தடிப்பு, ஒரு புறம் ஓட்டை. அதனை மீண்டும் தொட்டியிலே போடுங்கள், கூழ் வீணாவதில்லை. எட்டுத் தாள் தேறினால் மடித்துத் தைக்கலாம்.