சன்ரூஃப் திறந்தால் காதை அடைக்கும் சத்தம்: காரணம் என்ன, குறைப்பது எப்படி?

சன்ரூஃப் உள்ள காரை வாங்கும் குடும்பங்கள் முதல் வாரம் அதை ஆசையாகத் திறந்து பார்ப்பதுண்டு. பிறகு பலர் அதை மூடியே வைத்துவிடுகிறார்கள். வெயிலும் மழையும் ஒரு காரணம். இன்னொரு காரணம் சத்தம். கார் கொஞ்சம் வேகமெடுத்ததும் உள்ளே ‘தும் தும்’ என்று அதிர்கிறது, காது அடைத்துக்கொள்கிறது, பின்னால் இருக்கும் குழந்தை அழத் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களில் மட்டுமே காணப்பட்ட இந்த வசதி, இன்று புரோட்டோன் எக்ஸ்70, எக்ஸ்50 ஆகியவற்றின் விலை கூடிய வகைகளிலும் வந்துவிட்டது. அதனால் இந்தத் தொல்லையும் சாதாரணக் குடும்பங்களின் தொல்லையாகிவிட்டது. கார் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்களும், துணைக்கருவிக் கடையில் கையில் கிடைத்ததை வாங்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இதற்குக் காசே செலவாகாது. எந்த வகைச் சத்தம் என்று முதலில் தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டு வகைச் சத்தம்

திறந்த சன்ரூஃபிலிருந்து வருவது ஒரே சத்தமல்ல. முதலாவது, தாழ்ந்த குரலில் தாளம் தட்டுவது போன்ற அதிர்வு. தைப்பூசத்தில் உறுமி மேளத்திற்கு மிக அருகில் நிற்கும்போது நெஞ்சில் உணர்வோமே, அதைப் போன்றது. காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வதே அதிகம். இதை அதிர்வுச் சத்தம் எனலாம்.

இரண்டாவது, ‘உஸ்’ என்ற காற்று இரைச்சல். வேகம் கூடக்கூட இதுவும் கூடிக்கொண்டே போகும்.

இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் பணம் வீணாகிறது.

கூரை திறந்த கார் ஒரு காலிப் போத்தல்

காலிப் போத்தலின் வாயில் உதட்டை வைத்துக் குறுக்காக ஊதினால் ‘பூம்’ என்று ஒலி எழும். உள்ளே இருக்கும் காற்று சுருள் கம்பியைப் போல அமுங்கி விரிவதால் எழும் ஒலி அது. இந்த விளைவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் ஒலியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரே வழங்குகிறது.

சன்ரூஃபைத் திறந்து ஓடும் காரும் ஒரு பெரிய போத்தல்தான். கூரையின் மேல் வழுக்கி வரும் காற்று, திறப்பின் முன் விளிம்பைக் கடந்ததும் சிறுசிறு சுழல்களாக உருள்கிறது. அவை பின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் காருக்குள் இருக்கும் காற்றை ஒருமுறை அமுக்குகிறது. இந்த மோதல்களின் எண்ணிக்கையும், காருக்குள் உள்ள காற்று இயல்பாக அதிரும் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்போது அதிர்வு பல மடங்காகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் அது மேலும் மேலும் உயர்வதைப் போல.

கார்களில் இந்த அதிர்வு பொதுவாக விநாடிக்கு 15 முதல் 25 முறை வரை இருக்கும். மனிதக் காது கேட்கும் எல்லையே ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதனால்தான் இது ஒலியாக மட்டும் இல்லாமல் காதில் அழுத்தமாகவும் தெரிகிறது. அளவில் 100 டெசிபலையும் தாண்டக்கூடியது.

கைப்பேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலியை நம்பி ‘சத்தம் குறைவுதான்’ என்று முடிவு செய்யக் கூடாது. அத்தகைய செயலிகள் பெரும்பாலும் மனிதக் காதின் கேட்கும் திறனை ஒட்டிக் கணக்கிடுபவை. அந்த முறையில் 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 50 டெசிபல் கழித்துக் காட்டப்படும். எண் சிறியதாக இருக்கும், காது மட்டும் வலிக்கும்.

நெடுஞ்சாலையில் அல்ல, சிறிய சாலையில்தான் மோசம்

வேகம் கூடினால் சத்தமும் கூடும் என்பதே பொதுவான எண்ணம். அதிர்வுச் சத்தம் அப்படியல்ல. சுழல்களும் காரின் உள்காற்றும் ஒத்துப்போகும் அந்தக் குறிப்பிட்ட வேகத்தில்தான் அது உச்சத்தை அடையும். திறப்பின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 18 சுழல்கள் பின் விளிம்பில் மோதும். கார் அதிர்வதற்கு ஏற்ற எண்ணிக்கை அது.

ஆகவே, பிளஸ் நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது வராத அதிர்வு, தோட்டச் சாலையிலோ ஈப்போவிலிருந்து கம்பார் போகும் பழைய கூட்டரசு சாலையிலோ 50, 60இல் போகும்போது வரலாம். காருக்குக் கார் இந்த வேகம் மாறும். ஓட்டுநர் அல்ல, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

காசு செலவில்லாத நான்கு வழிகள்

முதல் வழி, பின்கதவுக் கண்ணாடி ஒன்றை இரண்டு விரல் அகலத்திற்கு இறக்குவது. போத்தலில் இன்னொரு துளை போட்டால் ‘பூம்’ ஒலி எழாது. அதே கதைதான் இதுவும். பெரும்பாலான கார்களில் அதிர்வு உடனே தணிந்துவிடும். முன்கதவுக் கண்ணாடியை இறக்கினாலும் பலன் உண்டு, ஆனால் ஓட்டுநரின் காதருகே இரைச்சல் கூடும்.

இரண்டாம் வழி, சன்ரூஃபை முழுவதும் திறக்காமல் சற்று முன்னதாகவே நிறுத்துவது. சில கார்களில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி கடைசி வரை போகாது. மீண்டும் அழுத்தினால்தான் முழுவதும் திறக்கும். இது பழுது அல்ல. காற்றுச் சத்தத்தைக் குறைக்கத் தயாரிப்பாளரே வைத்த நிறுத்தம். காரின் கையேட்டில் இது குறிப்பிடப்பட்டிருக்கும். திறப்பு சிறிதானால் வேறொரு குறைந்த வேகத்தில் அதிர்வு தலைகாட்டலாம். ஆனால் காற்று அப்போது மெதுவாக வீசுவதால் வலு குறைந்திருக்கும்.

மூன்றாம் வழி, கண்ணாடியைப் பின்னுக்குத் தள்ளாமல் அதன் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி வைப்பது. இந்த நிலையில் அதிர்வு பொதுவாக எழாது. வெயிலில் நிறுத்தியிருந்த காரின் வெப்பக் காற்றை வெளியேற்றவும் இதுவே போதும்.

நான்காம் வழி, வேகத்தைச் சற்று மாற்றுவது. அதிர்வு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருவதால், 60இல் அதிர்ந்தால் 50க்கு இறக்கிப் பார்க்கலாம். சத்தத்திலிருந்து தப்புவதற்காக வேகத்தைக் கூட்டுவது ஆபத்து.

காற்றுத் தடுப்பைப் பார்த்தீர்களா?

சன்ரூஃப் திறக்கும்போது முன் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் பட்டையோ வலைத்துணியோ தானாக எழுந்து நிற்கும். டிஃப்ளெக்டர் என்று பட்டறையில் சொல்லப்படும் காற்றுத் தடுப்பு இதுதான். வரும் காற்றை மேல்நோக்கித் திருப்பி, அது திறப்பைத் தாண்டிப் போகும்படி செய்வது இதன் வேலை. சிலவற்றின் மேல் விளிம்பு பல்பல்லாக வெட்டப்பட்டிருக்கும். பெரிய சுழல் உருவாகாமல் சிதறடிக்கவே அந்த வெட்டுகள்.

முன்பு அமைதியாக இருந்த கார் திடீரென்று அதிரத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. காரை நிறுத்தி, சன்ரூஃபைத் திறந்து, தடுப்பைக் கையால் மெதுவாக அழுத்தி விட வேண்டும். இரு பக்கமும் சமமாக மேலே எழ வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வலை கிழிந்திருந்தாலோ, கம்பிச் சுருள் தளர்ந்திருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம்.

தோட்டப்புறச் செம்மண் தூசியும் காய்ந்த இலையும் பழைய கிரீஸோடு சேர்ந்து இந்த இடத்தில் கட்டியாகப் படிவதுண்டு. ஈரத்துணியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் துடைத்தெடுத்தாலே பல தடுப்புகள் மீண்டும் எழுந்து நிற்கும்.

கடையில் வாங்கும் முன்

கூரையின் முன்பகுதியில் ஒட்டும் கறுப்பு நிறத் தடுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. காரில் ஏற்கெனவே தடுப்பு இருந்து, அது சரியாக இயங்கினால் இவற்றால் கூடுதல் பலன் குறைவு. நெடுஞ்சாலையில் ‘உஸ்’ இரைச்சல் கூடவும் செய்யலாம். கண்ணாடி கூரைக்கு மேலேறிப் பின்னால் நகரும் வகைக் கார்களில், அது இந்தத் தடுப்பில் உரசாதா என்பதை உறுதி செய்த பிறகே பொருத்த வேண்டும்.

கதவிலும் தரையிலும் ஒட்டும் ஒலித்தடுப்புப் பாய்கள் அதிர்வுச் சத்தத்திற்கு உதவாது. விநாடிக்கு 18 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 19 மீட்டர். கார் முழுவதுமே அந்த அலைக்குள் அடக்கம். மெல்லிய பாய் அதைத் தடுக்க முடியாது. எந்த இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாததற்கும் இதுவே காரணம்.

மூடிய பிறகும் சத்தம் வந்தால்

சன்ரூஃபை மூடிய பிறகும் ‘உஸ்’ என்று கேட்டால் ரப்பர் விளிம்பையும் கண்ணாடியின் உயரத்தையும் சோதிக்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள இடுக்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றால் குறை சன்ரூஃபில் இருக்கிறது. நிற்காவிட்டால் கதவு ரப்பரிலோ கூரைமேல் சாமான் கட்டும் கம்பியிலோ தேட வேண்டும். சோதனை முடிந்ததும் டேப்பை எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடியின் முன் விளிம்பு கூரைக்குச் சமமாகவோ மயிரிழை தாழ்ந்தோ இருப்பதும், பின் விளிம்பு சமமாகவோ மயிரிழை உயர்ந்தோ இருப்பதும் வழக்கமான அமைப்பு. முன் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் காற்று அதில் மோதி இரையும். இதைச் சரிசெய்வது பட்டறை வேலை. கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் சேவை மையத்திடமே விட்டுவிடலாம்.

ரப்பரை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ரப்பருக்கான சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகத் தடவலாம். இஞ்சின் எண்ணெய், வேசலின் போன்றவை ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற, பல கார்களில் சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் குழாய்கள் உண்டு. சுத்தம் செய்யும்போதே மூலைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது காரின் அடியில் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அடைப்பு இருந்தால் பலமான காற்றைப் பீய்ச்சக் கூடாது. குழாய் உள்ளே கழன்றுவிட்டால், அடுத்த மழையில் தண்ணீர் இருக்கைக்கு வரும்.

காதும் குழந்தையும்

நெடுஞ்சாலையில் வரும் ‘உஸ்’ இரைச்சலுக்குச் சிறந்த மருந்து சன்ரூஃபை மூடுவதே. இவ்வகைக் காற்றிரைச்சல், வேகம் இரு மடங்கானால் ஏறக்குறைய 18 டெசிபல் கூடும் என்பது பொதுவான கணக்கு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு வேலையிடச் சத்த விதிமுறைகள், ஒரு நாளில் 8 மணி நேரத்திற்கு 85 டெசிபல் என்று வரம்பு விதித்துள்ளன. அது தொழிலாளர்களுக்கான விதி என்றாலும், காது எல்லாருக்கும் ஒன்றுதான். கூரை முழுவதும் திறக்கும் கார்களில் நெடுஞ்சாலை வேகத்தில் இந்த அளவு தாண்டப்படுவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இரைச்சலுக்கு நடுவே ஆம்புலன்ஸின் ஒலியும் பக்கத்து லாரியின் ஹார்னும் கேட்காமல் போவது அதைவிட ஆபத்து.

சன்ரூஃப் வழியே பிள்ளைகளை எழுந்து நிற்க விடுவது எந்த வேகத்திலும் கூடாது. பின்னிருக்கைப் பயணிகளும் இருக்கை வார் அணிவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தைகளுக்கான சிறப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எழுந்து நிற்கும் பிள்ளைக்கு இவை எதுவுமே காப்பு இல்லை.

கைக்குழந்தையும் காது வலி உள்ள முதியவர்களும் ‘தும் தும்’ தொல்லையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அல்லது சொல்லத் தெரியாது. பின்னால் குழந்தை காரணமின்றி அழுதால், முதலில் பின்கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிப் பார்க்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் கூரையை மூடிவிடுவதே நல்லது.