காதில் விரியும் வரைபடம்

பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். எழுத்து விரல்நுனிக்கு வந்தது. இடமும் திசையும்? "பாத்து வா"ன்னு எப்பவும் கையைப் பிடிச்சே கூட்டிப்போனால் பிள்ளைக்கு அது எப்படிப் பிடிபடும்?

1990களின் இறுதியில் சிலி நாட்டில் லும்ப்ரெராஸும் சான்செஸும் 'ஆடியோடூம்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். நடை, கதவு, எதிரி எல்லாமே ஒலி. ஆடி முடித்த பார்வையற்ற குழந்தைகள், காதால் கடந்த தாழ்வாரங்களை லெகோ கட்டைகளால் கட்டிக் காட்டினார்கள். மனசுக்குள் வரைபடம் விழக் கண்தான் வேணும்னு இல்லை.

பிரெயில் தமிழுக்கு வந்ததுபோல் இவ்விளையாட்டும் வரவேண்டும். தாமிரபரணிப் படித்துறையே போதும்: இடப்பக்கம் துணி துவைக்கும் சத்தம், வலப்பக்கம் கோயில் மணி, எதிரே ஆற்றின் சலசலப்பு. அதில் தொலைந்து வழி கண்டுபிடிக்கும் பிள்ளை, ஒருநாள் தெருவிலும் "கையை விடுங்க, நானே வாரேன்" என்று சொல்லக்கூடும்.