தேவாலாப் பொன்

பல்லடத்து மாணவர் சிலருடன் கோவை, உதகை, கூடலூர் வழியாகத் தேவாலாவுக்கு ஒருமுறை வேனில் சென்றேன். பொன் விளைந்த ஊரைக் காண வந்த பிள்ளைகள், எங்கும் தேயிலையையே கண்டனர்.

“பொன் எங்கே, ஐயா?” என்றான் ஒருவன். அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

இவ்வட்டாரப் பணியரும் குறும்பரும் நெடுங்காலமாக ஓடை மணலை அரித்துச் சிறிதளவு பொன் எடுத்து வந்தனர். 1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கிடைத்த பொன் உலகையே மயக்கியது. அங்கே சுரங்கத் துறையில் பணியாற்றிய பிரஃப் ஸ்மித், இம்மலைப் பாறைகளை ஆராய்ந்து, 1880-இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். உடனே லண்டனில் கம்பெனிகள் பல முளைத்தன, பங்குகள் விலையேறின. பாறையை இடித்துப் பார்த்தபோதோ, கிடைத்த பொன் செலவுக்கும் போதவில்லை. மலைக்காய்ச்சல் வேறு வாட்டியது. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் கலைந்தன. பங்கு வாங்கியோர் பணத்தை இழந்தனர். இங்கே உழைத்தவர்கள் பிழைப்பை இழந்தனர். பின்னர் அம்மலைச் சரிவுகளில் தேயிலை தழைத்தது.

பொன் உண்டென்ற செய்தி பொய்யன்று, மாணவர்களே! எவ்வளவு உண்டு என்று அளந்தறியுமுன் ஆசைப்பட்டதே பிழை. அன்று கேள்வி கேட்ட அந்தப் பையனைப் போல், எந்த அறிக்கையைப் படித்தாலும் “எங்கே? எவ்வளவு?” என்று கேளுங்கள்.