யாருடைய சம்மதம்? டோமியாசியாத் யுரேனியமும் காஸிப் பெண்களின் நிலமும்

மேகாலயாவின் தென்மேற்குக் காஸி மலை மாவட்டத்தில், வங்கதேச எல்லைக்கு அருகே, டோமியாசியாத் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நிலம் வைத்திருந்த ஸ்பிலிட்டி லிங்டோ லாங்ரின் என்ற மூதாட்டி 2020 அக்டோபரில் தமது 95ஆவது வயதில் இறந்தார். காஸி மொழியில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் ‘காங்’ என்ற சொல்லைச் சேர்த்து, மாநிலமெங்கும் அவரை ‘காங் ஸ்பிலிட்டி’ என்றார்கள். இந்திய யுரேனியக் கழகம் அவருடைய நிலத்தை முப்பது ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டது. கொடுக்க முன்வந்த தொகை 45 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் கையெழுத்துப் போடவில்லை. பணத்தைக் கொண்டு தன் சுதந்திரத்தை வாங்க முடியாது என்ற பொருளில் அவர் சொன்ன பதில் அந்தப் போராட்டத்தின் முழக்கமாயிற்று.

அவரை வீரத்தாயாகப் போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அவர் மறுக்க முடிந்தது எதனால், அந்த மறுப்புக்கு அரசின் மதிப்பீட்டு முறையில் எந்த இடம் இருந்தது, அவருடைய சொந்தச் சமூகத்தின் சபையில் எந்த இடம் இருந்தது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால்தான் இந்த வரலாறு நமக்குப் பயன்படும்.

அணுக் கனிமங்களைத் தேடும் மத்திய அரசின் இயக்ககம் டோமியாசியாத்தில் யுரேனியத்தைக் கண்டறிந்தது 1984இல். அதே ஆண்டில்தான் கல்பாக்கத்தின் முதல் அணு உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது. கல்பாக்கத்தின் இரண்டு கனநீர் உலைகளும் உள்நாட்டு யுரேனியத்தில் ஓடுபவை. அந்த யுரேனியம் நெடுங்காலம் ஜார்க்கண்டின் ஜாதுகுடா வட்டாரத்திலிருந்து மட்டுமே வந்தது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் ஒரு முனை ஆதிவாசி நிலத்தில் இருப்பதை அணுமின் விவாதங்களில் நாம் அதிகம் பேசுவதில்லை.

1990களின் தொடக்கத்தில் டோமியாசியாத்தில் சோதனைத் துளைகள் போடப்பட்டன. காஸி மாணவர் ஒன்றியம் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்ப்பில் இறங்கின. எதிர்ப்பின் அடையாளமாகிவிட்ட ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, கிலெங்–பிந்தெங்சோஹியோங்–மாவ்தபா என்ற நீண்ட பெயரில் திட்டம் மீண்டும் வந்தது. திறந்தவெளிச் சுரங்கம், ஆண்டுக்கு 3,75,000 டன் தாது, அருகிலேயே பதப்படுத்தும் ஆலை, 1,046 கோடி ரூபாய் முதலீடு. 2007 ஜூனில் நோங்பா ஜின்ரினில் எதிர்ப்புக்கிடையே கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. 2009இல் மாநில அமைச்சரவை 422 ஹெக்டேர் நிலத்தை முன்கட்டப் பணிகளுக்காக யுரேனியக் கழகத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது. மறியல்கள் நடந்தன. 2016இல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

கருத்துக் கேட்பு என்றால் என்ன? 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். உள்ளூர் மொழியில் மதிப்பீட்டின் சுருக்கம் கிடைத்தால் போதும். கூட்டம் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற வரையறை கிடையாது. வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், பேசியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கே இடமில்லை. எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு திட்டத்தை நிறுத்தாது.

எதை மதிப்பிடுவது என்பதிலும் சிக்கல் உண்டு. இந்த வகைத் தாதுவில் யுரேனியம் ஏறக்குறைய 0.1 விழுக்காடுதான். 3,75,000 டன் தாதுவைத் தோண்டி அரைத்தால் கிடைப்பது சில நூறு டன். மீதி முழுவதும் மாவுபோல் அரைபட்ட கழிவாக அங்கேயே தங்கும். தாதுவிலிருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 விழுக்காடு அந்தக் கழிவில்தான் இருக்கும், ஏனெனில் ரேடியமும் தோரியமும் பிரித்தெடுக்கப்படுவதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். குத்தகையோ முப்பது ஆண்டுகளுக்கு. காஸி மலைகளின் தென்சரிவு உலகிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. இங்கே பெய்யும் மழை மலையிறங்கி வங்கதேசத்தின் சில்ஹெட் சமவெளிக்குப் போகிறது. அந்தச் சமவெளியில் வாழ்பவர்களை எந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் யாரும் அழைப்பதில்லை.

கதிர்வீச்சின் பாதிப்பைக் கணக்கிட ஓர் உடல் தேவைப்படுகிறது. கதிரியக்கப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1975இல் வெளியிட்ட ‘மாதிரி மனிதன்’ 20 முதல் 30 வயதுக்குள் இருக்கும் ஆண். எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்க வாழ்க்கைமுறை கொண்ட வெள்ளையர். பிற்பாடு பெண்ணுக்கும் குழந்தைக்கும் தனிக் கணக்குகள் வந்தன. ஆனால் இந்த ஆணின் உடலை வைத்துப் பழகிய சிந்தனை அவ்வளவு எளிதில் மாறிவிடவில்லை. ஒரே அளவு கதிர்வீச்சால் ஆண்களைவிடப் பெண்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடுதல், சிறுமிகளுக்கு அதனினும் கூடுதல் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2006இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஓடையில் தண்ணீர் எடுப்பதும், துணி துவைப்பதும், காட்டில் கீரையும் கிழங்கும் சேகரிப்பதும் யார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவர்கள் மண்ணோடும் நீரோடும் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் ஒரு கிராமத்தின் பாதிப்பைக் கணக்கிட முடியாது. ‘குடும்பம்’ என்பதை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளும் கணக்கெடுப்பு இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

இதற்கு ஜாதுகுடா சாட்சி. 1967இல் அங்கே யுரேனியக் கழகம் தொடங்கப்பட்டது. கழிவுக்குட்டைகளுக்கு அருகே சந்தால், ஹோ ஆதிவாசிகளின் ஊர்கள் இருந்தன. 2007இல் அமைதிக்கான இந்திய மருத்துவர் அமைப்பு நடத்திய ஆய்வில், சுரங்கத்தை அடுத்த ஊர்களில் பிறவிக் குறைபாடுகளும் குழந்தையின்மையும் தொலைவிலுள்ள ஊர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. கதிரியக்கம் காரணமில்லை என்று கழகம் மறுத்துவருகிறது. காரணம் பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், குழந்தையில்லாமைக்கான பழியை நம் சமூகங்கள் யார்மீது போடுகின்றன என்பதில் விவாதம் இல்லை. எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் அந்தப் பழிக்கு ஒரு பத்தி கிடையாது. ஸ்ரீபிரகாஷ் 1999இல் எடுத்த ‘புத்தர் அழுகிறார் ஜாதுகுடாவில்’ என்ற ஆவணப்படம் இந்த ஊர்களைத்தான் காட்டியது.

இப்போது காங் ஸ்பிலிட்டிக்குத் திரும்புவோம். அவரால் மறுக்க முடிந்ததற்கு முதல் காரணம் அவருடைய உறுதி. அதற்கு இணையான இன்னொரு காரணம், நிலம் அவருடையது. காஸி மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். குலப்பெயர் தாயிடமிருந்து வருகிறது. முன்னோர் சொத்தும் வீடும் ‘கா கத்தூ’ எனப்படும் கடைசி மகளுக்குச் சேர்கின்றன. அரசமைப்பின் ஆறாவது அட்டவணை காஸி நிலத்தைத் தன்னாட்சி மாவட்ட மன்றத்தின் பொறுப்பில் வைத்திருப்பதால், பிற மாநிலங்களைப் போல இங்கே எளிதாக நிலத்தை எடுத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் பட்டா தன் பெயரில் இல்லாத ஒரு விவசாயப் பெண் சுரங்கத்தை எதிர்த்தால், அதிகாரி அவள் கணவனிடமோ மகனிடமோ கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். டோமியாசியாத்தில் அது நடக்கவில்லை.

ஆனாலும் தாய்வழிச் சமூகம் என்பது பெண்கள் ஆளும் சமூகம் அல்ல. சொத்து மகளுக்கு வந்தாலும், அதைப் பற்றிய முடிவுகளில் தாய்மாமனின் குரலுக்கு எடை அதிகம். ஊரின் சபையான ‘தோர்பார்’ மரபாக வயதுவந்த ஆண்களின் சபை. ஊர்த்தலைவரைக் குறிக்கும் ‘ரங்பா’ என்ற சொல்லே ஆணைக் குறிப்பது. பல ஊர்களில் இது மாறிவருகிறது என்றாலும் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. பெட்டைக்கோழி கூவினால் உலகம் அழியும் என்று காஸியில் ஒரு பழமொழி உண்டு. பொட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று நாமும் கேட்டிருக்கிறோம். சொத்துரிமை முறை முற்றிலும் வேறான இரண்டு சமூகங்கள் பெண்ணின் பேச்சைப் பற்றி ஒரே உவமையை வைத்திருக்கின்றன.

யுரேனிய எதிர்ப்பு அரசியலிலும் இந்த முரண் இருக்கிறது. கதிரியக்க அச்சத்தோடு, சுரங்கம் வந்தால் வெளியாட்கள் குவிவார்கள் என்ற அச்சமும் சேர்ந்தே அந்த எதிர்ப்பை வளர்த்தது. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்துக்கு அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதே அச்சம்தான் 2018இல் காஸி மலை மாவட்ட மன்றத்தில், காஸி அல்லாதவரை மணக்கும் பெண் தன் காஸித் தகுதியை இழப்பாள் என்ற மசோதாவாக வந்தது. தகுதியை இழந்தால் அதோடு சேர்ந்த உரிமைகளும் போகும். நிலத்தைக் கொடுக்க மறுத்தவரை இனத்தின் தாயாகப் போற்றும் ஒரு சமூகம், தன் விருப்பப்படி மணந்த இன்னொரு பெண்ணை அந்த நிலத்திலிருந்தே விலக்க முயல்கிறது. காங் ஸ்பிலிட்டியின் மறுப்பை இனப்பெருமையாக மட்டும் வாசித்தால் இந்த இரண்டாவது பெண் நம் பார்வைக்கு வரமாட்டாள்.

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு இனி வேண்டியதில்லை என்கிறது அது. மேகாலயாவில் உடனே எதிர்ப்பு எழுந்தது. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் வெறும் சடங்கு என்று நாம் நெடுங்காலமாக விமர்சித்துவந்திருக்கிறோம். அந்த விமர்சனம் சரிதான். ஆனால் அந்தச் சடங்கில்தான் எதிர்ப்பு என்று ஒன்று அரசின் காகிதத்தில் ஏறியது. முதன்முறையாக ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து, அதிகாரியின் முகத்துக்கு நேரே பேசிய பெண்கள் இந்த நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். தோர்பாரில் பேச முடியாத ஒரு பெண்ணுக்குக் கூட, சட்டப்படி அந்தக் கூட்டத்தில் பேச உரிமை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஸ்பிலிட்டியிடம் நிலம் இருந்தது, அதனால் அவருடைய ‘இல்லை’ செல்லுபடியானது. அந்த நிலத்தை அடுத்த ஓடையில் தண்ணீர் எடுப்பவளுக்கு, கூலிக்கு வேலை செய்பவளுக்கு, ‘வெளியாளை’ மணந்தவளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல என்ன வழி இருக்கிறது? யுரேனியச் சுரங்கத்தின் சமூகத் தாக்கத்தை மதிப்பிடுவதாக யார் சொன்னாலும், முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.