பால்மரத்தின் காரணப்பெயர்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், பங்கோர்த் தீவுக்கு எதிரே அமைந்தது லூமுட். 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையால் பிரிட்டிஷார் கைக்குச் சென்ற டின்டிங்ஸ் பகுதியில் இவ்வூரும் அடங்கும். 1935-இல் அப்பகுதி பேராக்கிற்கே மீண்டது. இதற்கிடையில், 1877-இல் கோலகங்சாரில் நடப்பெற்ற சில பால்மரக் கன்றுகள் வழிகாட்ட, பேராக் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் எழுந்து அம்மரங்களைச் சீவியவர் நம் முன்னோர். அவர்கள் திரட்டிய பாலின் உட்பொருள் யாது? அதன் பெயர் நமக்கு உணர்த்துவது என்ன?

ரப்பரில் ஐந்து கார்பன் அணுக்களுக்கு எட்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்னும் அளவு உண்டென 1826-இல் மைக்கேல் பாரடே கண்டார். 1860-இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடேற்றி வடித்து, எளிதில் ஆவியாகும் நீர்மமொன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'ஐசோப்பிரீன்' எனப் பெயரிட்டார். அப்பெயர் இடுகுறிப்பெயர் போன்றது. அதைக் கேட்ட அளவில் எவராலும் அப்பொருளின் அமைப்பை வரைதல் இயலாது.

இத்தகைய பெயர்கள் பெருகி அறிஞரை மயக்கின. எனவே 1892-இல் பல நாட்டு வேதியியலார் ஜெனீவாவில் கூடி, அமைப்பையே பெயராக்கும் விதிகளை வகுத்தனர். அவ்வழி வளர்ந்த முறையில் ஐசோப்பிரீனின் பெயர் '2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன்' என்பதாகும். இது காரணப்பெயர்.

நன்னூல் கற்ற மாணவன் பகுபதத்தைப் பிரிப்பதுபோல இதனையும் பிரிக்கலாம். 'பியூட்டா' பகுதி; நான்கு கார்பன்களை ஒரு தொடராக எழுதுக. 'ஈன்' விகுதி, இரட்டைப் பிணைப்பைச் சுட்டும். 'டை' அவை இரண்டு என்னும். எண்களோ ஏழாம் வேற்றுமைபோல இடப்பொருள் உணர்த்தும்: முதற் கார்பனிலும் மூன்றாம் கார்பனிலும் இரட்டைப் பிணைப்புகள் தொடங்கும். முன்னே நின்ற '2-மெத்தில்', இரண்டாம் கார்பனில் ஒரு கார்பன் கிளையாக நிற்பதைக் கூறும். இனி, ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்புகள் நிறையுமாறு ஹைட்ரஜனை இடுக. எண்ணிப் பார்த்தால் கார்பன் ஐந்து, ஹைட்ரஜன் எட்டு. பாரடே கண்ட அளவு பிழையின்றி வந்து நிற்கிறது! இவ்வலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலியே ரப்பர்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளி புகும் மாணவன், வேற்று மொழியில் வேதியியல் கற்கிறான். தான் கற்ற இலக்கணம் அங்கே பயன்படாதென எண்ணி, படங்களை நெட்டுருச் செய்கிறான். தேர்வில் புதுப்பெயர் வந்தால் திகைக்கிறான். அத்திகைப்பு வேண்டியதில்லை. ஜெனீவா மாநாட்டிற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1875-இல், யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய கிறீன் அவர்களின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. வேதியியல் தமிழுக்குப் புதிதன்று.

பால்மரங்கள் நின்ற நிலம் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மரத்தைச் சீவிய கைகளும் ஓய்ந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகள் அப்பாலின் பெயரைப் பிரித்து, அதன் அமைப்பைத் தம் கையாலேயே வரையட்டும். இலக்கண வகுப்பில் ஒருநாள் இப்பெயரையும் கரும்பலகையில் எழுதுதல் தமிழாசிரியர் கடனாகும்.