மருவும் மர்ஸன்ஜூஷும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில், சாத்தார வீதிப் பூச்சந்தைக்குள் விடியலில் நுழைவோர், மல்லிகையையும் மீறி எழும் ஓர் இலைமணத்தை அறிவர். அதுவே மரு. கதம்பத்தில் பூக்களுக்கு நடுவே வைத்துத் தொடுக்கப்படுவது. திருச்சியில் நம் இல்லத்துப் பெண்களும் அக்கதம்பத்தை விரும்பிச் சூடுவர். பூக்கடையில் விலைபோவதாலேயே இதனை மருந்தென எண்ணுவார் குறைவு.

அரபு மருத்துவ நூல்கள் மர்ஸன்ஜூஷ் என்றும் மர்தகூஷ் என்றும் சொல்வது இம்மருவையே. மர்ஸன்ஜூஷ் பாரசீகத்திலிருந்து வந்த சொல். எலிக்காது என்பது பொருள். மென்மயிர் படர்ந்த அச்சிற்றிலையை விரலிடையே வைத்துப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். சைப்ரஸ் தீவும் துருக்கியின் தென்பகுதியுமே இதன் தாயகம்.

அன்பரொருவரின் மொழிபெயர்ப்பில் இச்சொல்லுக்கு நேராக 'மரிக்கொழுந்து' என்றிருக்கக் கண்டு வருந்தினோம். இரண்டும் ஒரே பூக்காரியின் கூடையில் இருப்பதால் நேர்ந்த மயக்கம் போலும். மருவோ துளசியின் குடும்பம். தவனம் எனப்படும் மரிக்கொழுந்தோ சூரியகாந்தியின் குடும்பம். மாலையில் ஒன்றுக்கு மற்றொன்றைத் தொடுக்கலாம், மருந்தில் கூடுமா?

மருவின் உடன்பிறப்பான ஒரிகானோ இன்று பீட்சாவுடன் சிறு பொட்டலமாக நம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. ஷாம் நாட்டார் அவ்வினத்து இலையை எள்ளும் சுமாக்கும் சேர்த்து, ஸஅத்தர் என்று ரொட்டியோடு உண்பர். நாமோ மருவைத் தலையில் சூடினோமேயன்றி உலையில் இட்டோமில்லை. எனினும் ஒரிகானோவுக்குக் காரம் தரும் கார்வக்ரால் என்னும் பொருள், சளிக்குத் தேனில் குழைத்துக் குழந்தைகளுக்குப் புகட்டும் நம் கற்பூரவல்லியிலும் உண்டு.

இனி, நாம் எழுத முற்பட்டதன் காரணம். மர்ஸன்ஜூஷ் மூக்கு நோய்க்கு நன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) தமது 'ஸாதுல் மஆத்' நூலில் அதனை எடுத்தெழுதுகையில், அதன் உண்மைத்தன்மையைத் தாம் அறியவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறார். பிறகே, குளிர்ச்சியால் வரும் தலைவலிக்கு இதனை முகர்வது நன்று என்பது போன்ற மருத்துவப் பயன்களை விவரிக்கிறார். முன்னதை விட்டுவிட்டுப் பின்னதற்கு நபிமொழி என முத்திரையிடுவது அவ்விமாமுக்கும் நாம் செய்யும் அநீதி. நறுமணத் தழையை ஒருவர் அளித்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, மணமோ நல்லது என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உறுதியாக இருக்கிறது. பூக்காரி கொசுறாக நீட்டும் மருவைப் பெற்றுக்கொள்ள நமக்கு அதுவே போதும்.